நூற்று எண்பத்தாறு பேர் போட்ட அஞ்சு

என் முனைவர் பட்ட ஆய்வைக் கவிழ்த்தவர்கள் என் எதிரிகள் இல்லை. எதிரிகளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். கவிழ்த்தவர்கள் என் மேல் பிரியம் வைத்திருந்த நூற்று எண்பத்தாறு பேர். பிரியமாக வந்து குழி பறிப்பவர்களை என்ன செய்வது?

நான் கார்குழலி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளை இறக்கி, அடுக்கி, எடை பார்த்து, திரும்ப லாரியில் ஏற்றி அனுப்புகிற இடம். அங்கே நான் டைம் ஆபீஸ் கிளார்க். கேட்டுக்குப் பக்கத்தில் ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே வருகிறவர்களுக்கெல்லாம் வருகைப் பதிவு போடுவது என் வேலை. பதினேழு வருஷமாகப் போடுகிறேன். பி.காம். தபாலில் படித்தேன், எம்.பி.ஏ.வும் தபாலில் படித்தேன். எங்கள் பிளாக்குக்கு வரும் தபால்காரருக்கே என் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

இந்தப் பதினேழு வருஷத்தில் ஐந்து ஜெனரல் மேனேஜர்களைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொருவரும் ஒரு மாற்றத்தோடு வருவார். முதலாமவர் தரையெல்லாம் மஞ்சள் கோடு போட்டு, சுவரெல்லாம் ஜப்பான் வார்த்தைகளை எழுதி வைத்தார். அடுத்தவர் காலையில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து உடற்பயிற்சி செய்யச் சொன்னார். மூன்றாமவர் ஆலோசனைப் பெட்டி வைத்தார். ஒரு வருஷம் கழித்துத் திறந்தால் உள்ளே டீ கப்புகள் இருந்தன. நான்காமவர் என்ன கொண்டுவந்தார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. இப்போது இருக்கும் ஜெயவேல் சார் யார்டுத் தகவலெல்லாம் இனி இதில்தான் என்று செல்போனில் ஒரு ஆப் கொண்டுவந்திருக்கிறார். மேனேஜர் மாற்றலாகிப் போகும்போது அவர் கொண்டுவந்த மாற்றமும் அதே காரில் ஏறிப் போய்விடும். இது ஏன் இப்படி என்று எனக்கு ஒரு அரிப்பு. அந்த அரிப்பைச் சொறியப் போய்த்தான் பிஎச்.டி.யில் மாட்டிக்கொண்டேன். 'நிறுவன மாற்றமும் நீடித்த தலைமையும்' என்பது தலைப்பு. ஆள் போன பிறகும் அவர் கொண்டுவந்தது நிற்குமா, நின்றால் எதனால் நிற்கிறது என்பதுதான் விஷயம்.

என் நெறியாளர் பேராசிரியர் வினிதா. என்னைவிட எட்டு வயது இளையவர். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை மேடம் என்பேன். வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றே தெரியாது. பகுதி நேரமாக ஆறு வருஷம் ஓடிவிட்டது. பல்கலைக்கழகம் கடைசியாக ஒரு வருஷம் நீட்டிப்புக் கொடுத்து, மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து என்று கடிதமும் அனுப்பியிருந்தது.

ஜனவரியில் யார்டு முழுக்கக் கேள்வித்தாள் கொடுத்தேன். முப்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு எண்ணைச் சுழிக்க வேண்டும். துளியும் உடன்பாடில்லை என்றால் ஒன்று, முழு உடன்பாடு என்றால் ஐந்து. திங்கட்கிழமை காலையில் கொடுத்தேன், புதன்கிழமை மாலைக்குள் நூற்று எண்பத்தாறும் திரும்பி வந்துவிட்டன. இவ்வளவு ஒத்துழைப்பா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிரித்துக்கூடப் பார்க்காமல் கட்டாகக் கட்டி வினிதா மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். மேஜை முழுக்க என் கேள்வித்தாள்கள்.

"ஏழாவதைப் படிங்க மேடம்."

"என் வேலையிடத்தில் நான் பாதுகாப்பாக உணர்கிறேன்."

"எத்தனை போட்டிருக்காங்க?"

"அஞ்சு."

"இப்ப பதினாறாவது."

"என் வேலையிடத்தில் எனக்கு எப்போதும் பயமாக இருக்கிறது." சுழித்திருந்த இடத்தில் விரலை வைத்தேன். "அஞ்சு."

"மேலதிகாரி என் பேச்சைக் கேக்கிறார், அஞ்சு. மேலதிகாரி என் பேச்சைக் கேக்கறதே இல்லை, அதுக்கும் அஞ்சு. நூத்தி எண்பத்தாறு பேர், முப்பது கேள்வி, ஒரு இடத்துலகூட வேற நம்பர் இல்ல. நீங்க பண்ண மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா கமிட்டி என்ன நினைக்கும்? இந்த அம்மா வீட்டுல உட்கார்ந்து தானே சுழிச்சிருக்காங்கன்னுதான் நினைக்கும்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. வருத்தத்தோடு சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் யார் வீட்டில் சாவு என்று கேட்டாள்.

ஆட்டோ கல்மண்டபம் வந்தபோது அழுகை வற்றிக் கோபம் வந்துவிட்டது. யார்டுக்குள் நுழைந்ததும் நேரே டில்லிபாபுவிடம் போனேன். டில்லிபாபு ஸ்டாக்கர் ஓட்டுகிறவன். ஸ்டாக்கர் என்றால் இருபது டன் பெட்டியைத் தூக்கி நாலு மாடி உயரத்துக்கு அடுக்குகிற வண்டி. வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"டேய் டில்லி, நான் குட்த்த ஃபாரத்துல இன்னாடா போட்ட?"

"அஞ்சுக்கா. ஃபுல்லா அஞ்சு. ஒண்ணு வுடல." பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"ஏன்டா?"

"இன்னாக்கா இப்டி கேக்கற? நீ டாக்டர் பரீச்ச எழுதற. எங்க கைல மார்க்கு போடச் சொல்லி குட்த்துகீறாங்க. அஞ்சுக்கு அஞ்சு போடாம பின்ன கொறச்சா போடுவோம்?"

எனக்குக் கண்ணைக் கட்டியது. "அது எனக்கு மார்க்குன்னு எவன்டா சொன்னான்?"

"எல்லாருக்கும் தெர்யுமே. எடைமேட சாலமோன் கீறான் பாரு, அவன் ஒரு எட்த்துல நாலு போட்டுட்டான். புட்ச்சி ஒக்கார வெச்சி அழிச்சிட்டு அஞ்சு போட வெச்சோம். அந்த ஒரு மார்க்குல நீ ஃபெயிலாயிட்டன்னா யாரு ஜவாப் சொல்றது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே தொடர்ந்தான். குரல் இறங்கியிருந்தது.

"போன மயைல சடையங்குப்பத்துல எங்க வூட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. நாலு நாளு லேட்டா வந்தேன். நீ கேட்டு கதவ மூடாம எனக்கு பிரசென்ட்டு போட்ட. நீ எங்களுக்குப் போட்ட, நாங்க உனக்குப் போட்டோம். இதுல இன்னா தப்பு?"

அவனை அடிப்பதா, கட்டிக்கொண்டு அழுவதா? இரண்டையும் விட்டுவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆறு வருஷம்டா, உங்க பாசத்துல கொள்ளி வெக்க, என்றேன். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டான். திட்டி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் என் மண்டையில் ஒன்று உறைத்தது.

திங்கள் காலையிலிருந்து புதன் மாலை வரை மூன்று நாள். மூன்று ஷிஃப்ட். நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, டிரைவர், எடைமேடைக்காரன், கேன்டீன்காரன். இதில் பாதிப்பேர் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாது. ஒரு சர்க்குலர் இல்லை, ஒரு கூட்டம் இல்லை. அத்தனை பேரும் ஒரு ஆள் பாக்கியில்லாமல் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். ஜெயவேல் சாரின் ஆப் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. மூன்று முறை பயிற்சி வகுப்பு, ஏற்றிக்கொண்டவர்களுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு. அப்படியும் நாற்பத்தொரு பேர்தான் போனில் ஏற்றியிருந்தார்கள். டிபன் பாக்ஸ் கைக்கு வந்ததும் அதிலும் முக்கால்வாசிப் பேர் அழித்துவிட்டார்கள்.

"டேய், அஞ்சு போடச் சொல்லி உனக்கு யாருடா சொன்னா?"

டில்லி தலையைச் சொறிந்தான். "ஜி.எம். காரு ஓட்றானே ஃப்ரெடி, அவன்தான் சொன்னான்."

நான் ஓட்டமாகத் திரும்பி வந்து வினிதா மேடத்துக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நிற்கவே நேரமாயிற்று.

"மேடம், அந்த ஃபாரத்துல அவங்க கருத்து எதுவும் இல்ல. அதைத் தூக்கிப் போடுங்க. ஆனா மூணு நாள்ல நூத்தி எண்பத்தாறு பேர் ஒண்ணாச் சேர்ந்தது நிஜமா நடந்த விஷயம். நம்ம படிக்கிற புத்தகத்துல எல்லாம் இதைத்தானே தேடிக்கிட்டு இருக்கோம்? போய்க் கேளுங்க. உனக்கு யார் சொன்னதுன்னு ஒரே ஒரு கேள்வி. எல்லார்கிட்டயும்."

திரிந்த பாலைக் கொட்டாமல் சர்க்கரை போட்டுக் கிண்டுகிற வேலை. எனக்கு அது கைவந்த வேலைதான். கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன். எங்கள் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஆபத்தைக் கண்டால் கையில் இருப்பதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார்கள். துண்டோ, ஹெல்மெட்டோ, சோற்று டப்பாவோ, எதுவானாலும் சரி. அதைக் கண்டதும் ஸ்டாக்கர் அப்படியே நிற்கும். ஏன் எதற்கு என்பதெல்லாம் நிறுத்திய பிறகுதான். வெறும் பயத்தில் தூக்கியிருந்தாலும் டிரைவர் திட்ட மாட்டான். எந்த மேனேஜரும் இதைச் சொல்லித்தரவில்லை, எந்தப் பலகையிலும் இது எழுதியில்லை. மேனேஜர்கள் மாறினாலும் இது மட்டும் மாறவில்லை. தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, நிலைத்த மாற்றத்தை ஆறு வருஷம் புத்தகத்தில் தேடியிருக்கிறேன். என்னைப் போல ஒரு மக்கு உண்டா? 'கை தூக்குகிற பழக்கத்தை நீ யாரைப் பார்த்துக் கற்றாய்' என்பது இரண்டாவது கேள்வி.

கேட்டில் கையெழுத்துப் போட வருகிற ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டேன். வீட்டில் ஐந்து சார்ட் பேப்பரை ஒட்டித் தரையில் விரித்து, பேருக்கு ஒரு புள்ளி வைத்து, சொன்னவரிடமிருந்து கேட்டவருக்குக் கோடு இழுத்தேன். எங்கள் வீடு ஒரே கூடம். என் வீட்டுக்காரர் அறிவு மூன்று வாரம் சுவரோரமாகவே நடந்தார். சமையலையும் அவரே பார்த்துக்கொண்டு, தட்டைச் சார்ட்டுக்கு மேலாக நீட்டிக் கொடுப்பார். குழம்பு சிந்தியது ஒரே ஒரு தடவை, அதுவும் கேன்டீன்காரர் தங்கப்பாண்டி பேர் மேல்.

பிப்ரவரி முடிவதற்குள் படம் முடிந்தது. முதல் கேள்விக்குக் கறுப்புக் கோடு, இரண்டாவதற்குச் சிவப்பு. ஃப்ரெடியிலிருந்து பின்னால் போனாலும் ஒரு புள்ளி, தங்கப்பாண்டியிலிருந்து போனாலும் அதே புள்ளி. கறுப்பும் சிவப்பும் அங்கேதான் போய் முடிந்தன. அந்தப் புள்ளியின் பேர் கன்னியம்மா.

கன்னியம்மா எங்கள் யார்டைப் பெருக்குகிறவள். ஒப்பந்த வேலை. ஒப்பந்தக்காரர் நாலு பேர் மாறிவிட்டார்கள், கன்னியம்மா மட்டும் பதினோரு வருஷமாக அங்கேயே இருக்கிறாள். காத்திவாக்கத்தில் மீன்பிடிக் குடும்பம். விளக்குமாற்றை இடுக்கிக்கொண்டு டிரைவர்கள் ஓய்வறை, எடைமேடை, கேன்டீன், ஜி.எம். அறை என்று எல்லா இடத்துக்கும் போய்வருகிற ஆள் யார்டில் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கெல்லாம் அவரவர் எல்லை உண்டு.

தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தவளிடம் போய் உட்கார்ந்தேன்.

"யக்கா, எனக்கு அஞ்சு போடச் சொல்லி எல்லார்கிட்டயும் சொன்னது நீதானா?"

"நானா? நான் யாருக்கும் சொல்லலியே கண்ணு." நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "கேட்டேன். குழலி பரீச்சைக்கு நீ எவ்ளோ போட்டுகீறன்னு போற எட்த்துல எல்லாம் கேட்டேன். அவ்ளோதான்."

"இந்தக் கை தூக்கற பழக்கம்?"

"அதுவா? எட்டு வருசம் இர்க்கும். மேல ஒரு பொட்டி தொங்கிகினு கீது, ஒரு மூலைல பூட்டு மாட்டல. கீழ தங்கப்பாண்டி டீ தூக்கிகினு போறான். நான் தொடப்பத்த தூக்கிகினு கூவினேன். வண்டி ஓட்னவன் நிறுத்திட்டு எறங்கி வந்து இன்னா திட்டு திட்னான் தெர்யுமா? அப்பால அண்ணாந்து பாத்தான். வாய மூடிகினான். மறுநாளு அவனே துண்ட தூக்கிக் காட்டி இன்னொரு வண்டிய நிறுத்தறான்."

"கூவணும்னு உனக்கு எப்டிக்கா தோணுச்சு?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "எங்க ஊர்ல முகத்துவாரத்துல படகு உள்ள வரும்போது பின்னால எழும்பற அல போட்ல கீறவனுக்குத் தெர்யாது. கரைல நிக்கறவளுக்குத்தான் தெர்யும். யாரா இருந்தாலும் முந்தானைய வீசி கூவணும். பாத்தவ கூவணும், கேட்டவன் நிக்கணும். நீ யாரு எனக்கு சொல்றதுக்குன்னு கேட்டுகினு இருந்தா போட்டு கவுந்துரும். இதப் போயி படிக்கறாங்களா?"

படித்தேன். ஒரு மாதத்தில் ஆய்வேட்டையே திருப்பி எழுதினேன். நான்காம் அத்தியாயம் முழுக்கக் கன்னியம்மா. பேர் போடாமல், துப்புரவுப் பணியாளர் ஒருவர் என்று எழுதினேன். மார்ச் முப்பதாம் தேதி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு நாள் மிச்சம்.

அக்டோபரில் பொது வாய்மொழித் தேர்வுக்கு, அதாவது வைவாவுக்கு, நாள் குறித்தார்கள். வியாழக்கிழமை காலை பதினொரு மணி, பெரிய கருத்தரங்கக் கூடம். அறிவிப்பும் ஆய்வுச் சுருக்கமும் எங்கள் யார்டுக்கும் வந்தன. மறுநாளே ஜெயவேல் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. தான் கொண்டுவந்ததுதான் நிற்கும் என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

"நாலாவது சாப்டரை எடுத்துடுங்க கார்குழலி. நம்ம யார்டுல மாற்றம் ஒரு ஸ்வீப்பரால நடக்குதுன்னு எழுதியிருக்கீங்க. ஆப்பை நாற்பத்தொரு பேர்தான் ஏத்தினாங்கன்னு வேற போட்டிருக்கீங்க. ஹெட் ஆபீஸ்ல படிச்சா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நடந்ததைத்தான் சார் எழுதினேன்."

"யார் யார்கிட்ட என்ன பேசினாங்கங்கறது ஆராய்ச்சி இல்ல, வம்பு. நான் வைவாவுக்கு வருவேன், எழுந்து கேட்பேன். பதில் சரியா இல்லன்னா ஆராய்ச்சிக்குக் கம்பெனி குடுத்த அனுமதிக் கடிதத்தை வாபஸ் வாங்கிடுவேன்."

"வாங்க சார். பொது வைவாதான், யார் வேணா வரலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாய்தான் வீரம் பேசியது, உள்ளுக்குள் வேறு கணக்கு ஓடியது. அனுமதிக் கடிதம் போனால் ஆய்வில் ஒரு வரியும் நிற்காது. ஏழு வருஷமும் வீண். இனி ஒரு தடவை தொடங்க எனக்குத் தெம்பு கிடையாது. பயந்தேன், ரொம்பவே பயந்தேன்.

புதன்கிழமை மாலை நாலு மணிக்கு வினிதா மேடம் போன் செய்தார். மழையில் பெரிய கூடத்தின் கூரை ஒழுகுகிறதாம். இடம் நூலகக் கட்டடத்துக்கு மாறிவிட்டது, நேரமும் பதினொன்றிலிருந்து பத்துக்கு. ஜெயவேல் சார் தன் அறையில் யாரோடோ கூட்டத்தில் இருந்தார். முறைப்படி அவருக்கு மெயில் அனுப்பினேன். வந்த மெயிலை மறுநாள் மதியத்துக்கு முன் அவர் பார்க்க மாட்டார் என்பது யார்டுக்கே தெரியும். அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே விளக்குமாற்றோடு போய்க்கொண்டிருந்த கன்னியம்மாவிடம், "நாளைக்கு நூலகத்துல பத்து மணிக்காம்க்கா, மாத்திட்டாங்க" என்று புலம்பினேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. வேலை நாளாயிற்றே, யார் வரப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு நூலகக் கட்டடத்துக்குள் நுழைந்தால் தாழ்வாரம் கொள்ளாத கூட்டம். இஸ்திரி போட்ட சட்டையில் டில்லிபாபு, சர்ச்சுக்குப் போகிற உடுப்பில் சாலமோன், தங்கப்பாண்டி, நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்த சிவந்த கண்கள். நாற்பத்து மூன்று பேர். கன்னியம்மா புதுச் சேலையில், விளக்குமாறு இல்லாத கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். ஐந்து நிமிஷத்தில் ஜெயவேல் சாரும் வந்து, உள்ளே கூடத்தின் முன்வரிசையில் உட்கார்ந்தார். கூடவே வந்த ஃப்ரெடி கதவோரம் நின்றுகொண்டான்.

அரை மணி நேரம் பேசினேன். குரல் முதலில் தடுமாறி, பிறகு நேரானது. கோயம்புத்தூரிலிருந்து வந்த புறத் தேர்வாளர் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்த அம்மையார். முகத்தில் ஒரு ரேகையும் அசையவில்லை. பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம் என்றதும் ஜெயவேல் சார் எழுந்தார்.

"நான் அந்த நிறுவனத்தோட ஜெனரல் மேனேஜர். தலைமைன்னா பொறுப்பு, திட்டம், தொழில்நுட்பம். ஒருத்தர் போற இடத்துல எல்லாம் பேசிட்டே போறதைத் தலைமைன்னு சொன்னா, அது எங்க நிறுவனத்துக்கு அவமானம். இந்த அத்தியாயத்தை எங்களால ஏத்துக்க முடியாது."

தேர்வாளர் தலையாட்டினார். "கேள்வி நியாயமானது. ஜனவரியில ஒரு தடவை தற்செயலா நடந்திருக்கலாம். காகிதத்துல கோடு இழுத்துட்டா அது தலைமை ஆயிடாதும்மா. இந்த வலை இன்னைக்கும் வேலை செய்யுதுங்கறதுக்கு என்ன ஆதாரம் வச்சிருக்கீங்க?"

ஆதாரம் எதுவும் இல்லை. வினிதா மேடம் குனிந்துகொண்டார். தோற்றோம் என்று நினைத்துக்கொண்டே கூடத்தைப் பார்த்தேன். நாற்பத்து மூன்று முகங்கள் என்னையே பார்த்தன. இவர்கள் எப்படி இங்கே வந்தார்கள்? யார்டு கேட்டில் ஒட்டியிருக்கும் அறிவிப்பில் இன்னும் பதினொரு மணி, பெரிய கூடம் என்றுதானே இருக்கிறது!

"மேடம்," என்றேன். தேர்வாளர் பக்கம் திரும்பினேன். "இந்த இடமும் நேரமும் மாறினது நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு. யார்டுல நான் ஒரே ஒருத்தர்கிட்டதான் வாய்விட்டுச் சொன்னேன். இவங்க எல்லாரும் சரியா வந்து உட்கார்ந்திருக்காங்க. யார் சொன்னதுன்னு நீங்களே கேட்டுப் பாருங்க."

தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சாலமோனைக் காட்டினார். "டில்லி சொன்னான் மேடம்." டில்லியைக் காட்டினார். "தங்கப்பாண்டி சொல்ச்சி." தங்கப்பாண்டி எழுந்து நின்று, "கன்னியம்மா சொன்னாங்க மேடம்" என்றார். அடுத்தடுத்து ஏழெட்டுப் பேரைக் கேட்டார். இரண்டு தாவல், மூன்று தாவலில் எல்லாம் அங்கேயே போய் நின்றன. பிறகு தேர்வாளர் முன்வரிசைப் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்களும் சரியா பத்து மணிக்கு வந்துட்டீங்களே. உங்களுக்கு யார் சொன்னது?"

"எனக்கு மெயில் வந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார் ஜெயவேல் சார். பார்த்தார். மெயில் திறக்காமல் கிடந்தது. பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "காலையில... என் டிரைவர் சொன்னார்."

எல்லாத் தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின. ஃப்ரெடி திருடிவிட்டு மாட்டிக்கொண்டவனைப் போல விழித்தான்.

"நேத்து சாரு ரூம பெருக்கிட்டு வந்து கன்னியம்மாக்கா சொல்ச்சிங்க மேடம்."

கூடம் வெடித்தது. டில்லி நாற்காலி மேலேயே ஏறிவிட்டான். வினிதா மேடம் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பதினேழு வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை.

சத்தம் அடங்கியதும் தேர்வாளர் கன்னியம்மாவை எழுந்திருக்கச் சொன்னார். "இவர் இந்த ஆய்வை எதிர்த்துப் பேசத்தான் வரார்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெர்யும்மா."

"பின்ன ஏன் அவருக்குச் சொல்லி அனுப்பினீங்க?"

"பதினோரு மணிக்கு வந்து பூட்டுன கதவப் பாத்துகினு நிப்பாரே, பாவம். கேள்வி கேக்க வராரு, கேக்கட்டுமே. அவரும் எங்க யார்டுதான?"

ஜெயவேல் சார் எழுந்து, "எனக்கு வேற கேள்வி இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷம் கழித்து, கார்குழலிக்கு முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறோம் என்று தேர்வாளர் படித்தபோது டில்லி அடித்த விசில் நூலகத்தின் மேல்மாடி வரை கேட்டிருக்கும். நூலகர் ஓடி வந்தார். வந்தவர் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தானும் கை தட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகு வினிதா மேடம் வருகைத் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். வந்தவர்கள் பேர், ஊர், கையெழுத்துப் போட்டு, கடைசிக் கட்டத்தில் கருத்து எழுதுகிற தாள்.

"டாக்டர் கார்குழலி, இதைக் கொஞ்சம் பாருங்க."

நாற்பத்து மூன்று பேரும் கருத்துக் கட்டத்தில் அஞ்சு போட்டிருந்தார்கள். கன்னியம்மாவின் அஞ்சு இரண்டு கட்டத்துக்குப் பெரிதாக இருந்தது. ஃப்ரெடிக்குப் பிறகு, கடைசி வரியில், ஜெயவேல் சாரின் கையெழுத்து. அதற்கு எதிரே நாலு என்று இருந்தது.

என் தோள் வழியாக எட்டிப் பார்த்த கன்னியம்மாவுக்கு மூக்கு விடைத்தது. "இன்னா இது, நாலு போட்டுகீறாரு? காரு இன்னும் கெளம்பல. கூப்ட்டு அழிச்சிட்டு அஞ்சு போடச் சொல்லட்டா?"

அவள் சொன்னால் அவர் திரும்பி வந்து அழித்துப் போட்டிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்க்கா. யாரும் சொல்லாம அவரா யோசிச்சு போட்ட மார்க்கு அது. நாலே இருக்கட்டும்."